‘ஒத்து ஊதினார்கள்’ என்றால் ஒத்துப்போனார்கள் என்று பொருளா?

மெய்ப்பு:
கட்டுரை ஒன்றைத் திருத்தும்போது இரண்டு வரிகள் இடிக்கின்றன.

“மற்ற நால்வரும் நன்றாக விவாதித்துவிட்டு, கடைசியில் தலைவரின் முடிவுக்கு ஒத்து ஊதினார்கள்.”
“அண்ணன் எது சொன்னாலும் தம்பி ஜால்ரா ஊதுவான்.”

இரண்டாவது தவறு என்று காதுக்கே தெரிகிறது. முதல் வரியில் உள்ள ‘ஒத்து’, ‘ஒத்துப்போ’வில் வருகிற அதே சொல்தானா? சேர்த்து எழுதுவதா, பிரித்தா? ஜால்ரா, பின்பாட்டு, தாளம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நாயனம்:
ஒத்து ஒரு கருவி. பெரிய மேளத்தில் (நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த குழு) நாகஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அவர் கையில் இருப்பதுதான் ஒத்து. பார்வைக்கு நாயனம் (நாகஸ்வரம்தான்) மாதிரியே உலவு என்ற குழல், அணசு என்ற விரிந்த அடிவாய், சீவாளி என்ற ஊதுநாக்கு எல்லாம் இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. கீழ்ப்பக்கம் மட்டும் சில துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் முழுதாகவோ பாதியாகவோ அடைத்து, நாயனத்தின் ஆதார சட்ஜத்தோடு (அடிப்படைச் சுரமான ‘ஸ’) சுருதி சேர்த்துக்கொள்வார்கள். பாரி நாயனம் நீளம் கூடியது, சுருதி தாழ்ந்தது. குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி நாயனத்துக்குச் சேர்த்த ஒத்து அதற்கு ஒத்துவராது.

ஊதுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஒலி எங்கும் அறக்கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதைச் சீவாளிக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். கன்னத்துக் காற்று தீருமுன் நெஞ்சுக் காற்று வந்து சேராவிட்டால் ஒலி தளும்பும், சில நேரம் அறுந்தே போகும். சீவாளி நாணலால் செய்தது. எச்சிலில் ஊற ஊறச் சுருதி நகரும், அதை உதட்டுப் பிடியால் ஈடுகட்ட வேண்டும். நாயனம் பயில வந்த பிள்ளைகளை முதலில் ஒத்து ஊத வைத்தது இந்த மூச்சுப் பழக்கத்துக்காகத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேளத்தில் ஒத்து நாயனத்தின் பின்னால் போவதில்லை. நாயனம்தான் ஒத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு வாசிக்கிறது. பேச்சு வழக்கில் இது தலைகீழாகிவிட்டது. நாயனக்காரர் தோடி வாசித்தாலும் கல்யாணி வாசித்தாலும் பக்கத்தில் அதே ‘பீ...’ மாறாமல் கேட்கிறதே, அதுதான் கேட்பவர் மனதில் பதிந்தது. ‘அவர் எதைச் சொன்னாலும் இவனிடம் ஒரே ஆமாம்’ என்ற பொருள் அங்கிருந்து வந்தது. இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்து ஒத்துக்காரர் இல்லாமல் போனதால், கருவியே தெரியாமல் ‘ஒத்துப்போவது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சொல்லாய்வு:
நாயனம் சொன்னதோடு இலக்கணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஒத்துப்போ’வில் இருப்பது வினையெச்சம், அதனால்தான் ‘ப்’ மிகுகிறது. ‘ஒத்து ஊது’வில் இருப்பது பெயர்: சங்கு ஊது, குழல் ஊது என்பது போல. சந்தேகம் வந்தால் வேற்றுமை உருபைப் பாருங்கள். அவரோடு ஒத்துப்போனான், அவர் சொன்னதை ஒத்துக்கொண்டான், அவருக்கு ஒத்து ஊதினான். மூன்றுக்கும் மூன்று உருபு.

உங்கள் முதல் வரியில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் முரண்படுகிறது. நன்றாக விவாதித்தவர்கள் ஒத்து ஊதியவர்கள் அல்ல. சொந்தக் கருத்து இல்லாமல் ஆமாம் போடுபவர்களைத்தான் அப்படிச் சொல்வோம். அங்கே ‘ஒத்துக்கொண்டார்கள்’ அல்லது ‘இசைந்தார்கள்’ என்று மாற்றுங்கள். (இசை என்ற சொல்லே உடன்படுவதையும் குறிக்கிறது பாருங்கள், எவ்வளவு அழகு!)

‘ஒத்தூதினார்கள்’ என்று சேர்த்து எழுதுவதும் சரியே. எனக்குப் பிரித்து எழுதுவதுதான் பிடிக்கும், கருவி கண்ணுக்குத் தெரிகிறது.

ஜால்ராவை அடிக்கலாம், தட்டலாம், போடலாம், ஊத முடியாது. அதில் முகத்துதி தூக்கல், ஆளையே ‘அவன் ஒரு ஜால்ரா’ என்று சொல்லிவிடலாம். ‘அவன் ஒரு ஒத்து’ என்று யாரும் சொல்வதில்லை. பின்பாட்டு என்பது ஒருவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது. தாளம் போடுவது சொன்னபடி ஆடுவது, ஆனால் இதில் கவனம் தேவை: ‘சோற்றுக்குத் தாளம் போடுகிறார்கள்’ என்றால் சாப்பாட்டுக்கே வழியில்லை என்று பொருள்.

மெய்ப்பு:
இருவருக்கும் நன்றி. முதல் வரியை ‘இசைந்தார்கள்’ என்றும் இரண்டாவதை ‘ஜால்ரா போடுவான்’ என்றும் மாற்றிவிட்டேன். ‘ஒத்து ஊது’வை நல்ல பொருளில் எங்காவது பயன்படுத்தலாமா?

சொல்லாய்வு:
உவமையாக வேண்டாம், குத்தலாகத்தான் படும். நல்ல விதமாகச் சொல்ல ‘அவர்கள் இருவருக்கும் சுருதி சேர்ந்துவிட்டது’ என்று எழுதுங்கள். ‘சுருதி ஏறிவிட்டது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பேச்சில் அது குடிபோதை.

நாயனம்:
மேளக்காரர்களைப் பற்றியே எழுதும்போது ‘ஒத்து ஊதுபவர்’ என்பதைவிட ‘ஒத்துக்காரர்’ என்று போடுங்கள். அந்தத் தொழிலில் வழங்கும் சொல் அதுதான், யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள்.