ஒரே நீலத்தில் மூன்று எம்ப்ரயர்கள்: சிட்டிஹாப்பர் ஜெட்டுகளைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: ஆம்ஸ்டெல்வேன்வாசி

வணக்கம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்களை வீட்டு பால்கனியில் நின்று பார்த்துக் குறித்து வைப்பது எனக்கு ஓராண்டுப் பழக்கம். பெரிய விமானங்களில் இப்போது தடுமாற்றமில்லை. ஆனால், நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்தின் குறுந்தூரக் கிளையான சிட்டிஹாப்பரிடம் பிரேசிலின் எம்ப்ரயர் நிறுவனம் தயாரித்த இ175, இ190, இ195-இ2 என மூன்று வகை ஜெட்டுகள் இருந்தும், நீல உடல், வெள்ளை வால், அதில் கிரீடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்பாக இருப்பதால், என் நோட்டில் பாதி வரிகளில் கேள்விக்குறிதான் நிற்கிறது. பயண எண்ணும் தாய் நிறுவனத்தின் ‘கேஎல்’ என்றே தொடங்குகிறது. வண்ணப்பூச்சிலேயே ஏதேனும் அடையாளம் உண்டா?

மறுமொழி 1: பதிவெண் பித்தன்

வண்ணத்தை விட்டுவிட்டு இறக்கை நுனியைப் பாருங்கள். இ190-இல் நுனி செங்குத்தாக மடிந்து நிற்கும். இ175-இல் அது அகலமாகி வெளிப்புறம் சாய்ந்திருக்கும். இ195-இ2-இல் மடிப்பே இராது, இறக்கை நீண்டு கூர்ந்து முடியும். விமானம் கிளம்பிச் சக்கரத்தை உள்ளிழுத்துக்கொண்ட பிறகு வயிற்றையும் கவனியுங்கள். பழைய தலைமுறையான இ175, இ190 இரண்டின் பின்சக்கரங்களுக்கு முழு மூடி கிடையாது என்பதால் இரண்டு கரிய வட்டங்கள் தெரியும். புதிய தலைமுறையான இ195-இ2-இல் (சுருக்கமாக இ2) அவை மூடப்பட்டிருக்கும். பக்கவாட்டில் பார்க்க வாய்த்தால், இறக்கைக்கு மேல் அவசர வழி இல்லாதது இ175. விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெண்ணில், நெதர்லாந்தைக் குறிக்கும் பிஎச்-க்குப் பின் ‘இஇசட்’ வந்தால் இ190, ‘என்எக்ஸ்’ வந்தால் இ2. ‘இஎக்ஸ்’ மட்டும் இ175, இ190 ஆகிய இரண்டு வகையிலும் கலந்து வருவதால் அதை நம்ப வேண்டாம்.

மறுமொழி 2: ஃபோக்கர் அபிமானி

வண்ணத்தை அப்படி அடியோடு தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. பழைய படங்களில் அது பயன்படும். நீலத்துக்குக் கீழே ஓடும் கருநீலக் கோடு முன்பு மூக்குவரை நேராகச் சென்றது. 2014-இல் அது மூக்கருகே வளைந்து இறங்கும்படி மாற்றப்பட்டது. புதிய கோடு முதன்முதலில் தீட்டப்பட்டதும் ஓர் இ190-இல்தான். இ175 விமானங்கள் 2016-இலும் இ195-இ2 விமானங்கள் 2021-இலும் வரத் தொடங்கியமையால், நேர்கோட்டுடன் ஒரு சிட்டிஹாப்பர் எம்ப்ரயரைப் படத்தில் கண்டால் அது இ190 என்றே எழுதிக்கொள்ளலாம். எஞ்சின் வாலருகே இருந்தால் அது எம்ப்ரயரே அல்ல, சிட்டிஹாப்பரிடம் முன்பு இருந்த டச்சுத் தயாரிப்பான ஃபோக்கர். 2017 அக்டோபரில் விடைபெற்ற ஃபோக்கர் 70 விமானங்களில் ஒன்றின் உடலில் ஃபோக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய அந்தோனி ஃபோக்கரின் முகமே வரையப்பட்டிருந்தது. நெதர்லாந்து மன்னர் வில்லெம்-அலெக்சாண்டர் துணை விமானியாக ஓட்டியதும் ஃபோக்கர் 70-ஐத்தான். என் கண்ணுக்கு அவற்றுக்குப் பின் வந்தவை எதுவும் அவ்வளவு அழகில்லை. இது கேள்விக்குத் தேவையற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்ஸ்டெல்வேன்வாசி

இருவருக்கும் நன்றி. இன்று மாலை ஒரு மணி நேரம் நின்றேன். நான்கில் மூன்றின் வயிற்றில் கரிய வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. நான்காவதில் வட்டமும் இல்லை, நுனி மடிப்பும் இல்லை, ஆகவே இ2 என்று எழுதிவிட்டேன். அந்த மூன்றில் ஒன்று மேகத்துக்குள் போய்விட்டதால் நுனியைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மட்டும் கேள்விக்குறி.