தாத்தாவின் 80ஆம் பிறந்தநாள் மலர்: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவு

நான்: அனைவருக்கும் வணக்கம். மலரில் தாத்தாவின் கல்லூரிக் காலப் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். பின்புறம் 1965 என்று எழுதியிருக்கும் ஸ்டுடியோ படத்தை அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்களைப் பற்றி நினைவிலிருப்பதை எழுதுங்கள்.

சென்னை அத்தை: அப்பாவுக்கு அப்போது எவ்வளவு முடி! மண்டபத்தில் காலைச் சிற்றுண்டி யார் பொறுப்பு என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே.

அப்பா: முதலில் படத்தை முடிப்போம், அக்கா.

சின்னத் தாத்தா: அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வதென்றால் ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டும். அரசியல் சட்டம் குறித்த 15 ஆண்டு முடிந்து, 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகவிருந்தது. அதை எதிர்த்து முந்தைய நாள் மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அண்ணனும் அதில் போனார். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தின் அருகே கைகலப்பாகி, இரவில் சட்டைக் கை கிழிந்து, முழங்கையில் இரத்தம் காய்ந்த நிலையில் அவர் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்தார். எங்கள் அப்பாவோ கதரைத் தவிர வேறொன்றை உடுத்தாதவர். கல்லூரிகளை மூடிவிட்டதால் இருவரும் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் மாதக்கணக்கில் ஒரு சொல் பேசவில்லை. அம்மாதான் நடுவில் நின்று, 'உன்னைச் சாப்பிட வரச் சொல்கிறார்' என்று அண்ணனிடமும், 'அவனுக்குப் பசியில்லையாம்' என்று அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் தணிந்த பிறகு அம்மாவின் வற்புறுத்தலால் எடுத்த படம் இது.

தாத்தா: மலரில் அரசியல் வேண்டாம், தம்பி.

சென்னை அத்தை: ரூபாய்க்கு ஒரு படி அரிசி வாங்க வரிசையில் நின்றதை அம்மா சொல்வார்களே, அதைப் போடலாம்.

சின்னத் தாத்தா: அது மதுரையில் நடந்திருக்க முடியாது. 1967 மே மாதம் முதலமைச்சர் அண்ணா அந்தத் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கினார். அண்ணி அப்போது பெற்றோருடன் கோவையில் இருந்தார். நம் வீட்டில் அரிசிக்கு அலைந்தது அதற்கு முன்பு. கோதுமையைச் சோறுபோல வடித்துச் சாப்பிட்ட நாட்கள் அவை.

தாத்தா: 1967 தேர்தலில் எனக்கு வயது 20. வாக்களிக்க 21 ஆகியிருக்க வேண்டும். விருதுநகரில் காமராசர் தோற்றார் என்று வானொலியில் சொன்ன இரவு அப்பா சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. இதை மட்டும் எழுதிக்கொள், அம்மா.

அத்தைப் பாட்டி: அண்ணா, இத்தனை பேர் எழுதியும் அந்தப் படத்தில் நான் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. உங்களைவிட நான்கு வயது சிறியவள் நான். 1964இல் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். வயதுக்கு வந்த பெண் தெருவில் நடக்கக் கூடாது என்பது ஒன்று, உங்கள் கல்லூரிச் சம்பளம் மற்றொன்று. எனக்கு எஞ்சியது கூடத்து மர்பி ரேடியோதான். குமிழைத் திருப்பியவுடன் அது பேசாது. உள்ளே மஞ்சளாக விளக்கெரிந்து, வால்வு சூடேறி, தூசி வெந்த வாசனை வந்த பிறகுதான் இலங்கை வானொலியில் பேசுபவரின் குரல் மெல்லத் தெளியும். நேயர் விருப்பத்துக்கு நம் மூவர் பெயரையும் எழுதி அனுப்பினேன். வீட்டுப் பெண்ணின் பெயர் காற்றில் வந்துவிட்டதென்று அப்பா ரேடியோவை மாடிக்கு எடுத்துப் போய்விட்டார். உங்களுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களை நீங்கள் பரணில் போடாமல் என்னிடம் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அந்தக் கணக்குகளை ஒன்று விடாமல் போட்டு முடித்தேன்.

அப்பா: அத்தை, இது எங்கள் யாருக்கும் தெரியாது.

சின்னத் தாத்தா: மலர் அண்ணனுக்கானது. அப்பா இன்று இல்லை. அவர் சொல்ல முடியாத இடத்தில் அவரைக் குறை சொல்ல வேண்டுமா?

அத்தைப் பாட்டி: நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தாத்தா: தங்கை எழுதியதை என் பக்கத்துக்கு முன்பாகப் போடுங்கள். அவள் இல்லாமல் அந்த ஆண்டுகள் எனக்கு இல்லை.

சின்னத் தாத்தா: அப்படியானால் நான் எழுதிய ஜனவரி 25உம் வர வேண்டும்.

தாத்தா: அதைப் பற்றி நேரில் பேசலாம்.

நான்: 24 பக்கத்துக்குத்தான் விலை பேசியிருக்கிறோம். நான்கு பக்கம் கூடினால் எவ்வளவு என்று காலையில் கேட்கிறேன். அத்தைப் பாட்டி, அந்த வயதில் உங்களை எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா?

அத்தைப் பாட்டி: என் கல்யாணப் படம் 1969இல் எடுத்தது. அதற்கு முந்தியது ஒன்றும் இல்லை. ரேடியோ உரிமத்துக்கு அஞ்சலகத்தில் கொடுத்த சிறு புத்தகம் பெட்டியில் இருக்கிறது. வேண்டுமானால் அதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சென்னை அத்தை: கட்டாயம் அனுப்புங்கள், அத்தை. சிற்றுண்டிக்குப் பொங்கல் என்று சொல்லிவிடட்டுமா?