உதவி: பார்த்துப் பார்த்து எடுத்த விதையிலும் நோய் வருகிறது

வடுவூரான்: இரண்டு வருடமாக நோய் தொடாத நெல் குத்துகளாகப் பார்த்து விதை எடுத்தேன். இந்தச் சம்பாவுக்கு அதைத்தான் நட்டேன். மறுபடியும் இலை காய்கிறது. எங்கே தவறு? சீக்கிரம் சொல்லுங்கள்.

குடந்தை: என்ன ரகம்? எந்த நோய்? எத்தனை நாள் பயிர்?

பேரளத்தான்: யூரியா எவ்வளவு போட்டீர்கள்? குலை நோய் என்ற பூஞ்சை நோயை அதிகமாக்குவது அதுதான், நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

வடுவூரான்: ஆந்திரா பொன்னி. நட்டு 60 நாள். யூரியா வழக்கம்போலத்தான்.

ஆடுதுறை பெரியவர்: தம்பி, இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும். நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர். உங்கள் ஆந்திரா பொன்னி, அதாவது பிபிடி 5204, நிலைப்பட்ட ரகம், உங்கள் வயலில் எல்லாக் குத்தும் ஏறக்குறைய ஒரே வித்து. அதற்குள் பொறுக்கி எடுத்தால் நோய் எதிர்ப்பு அதிகமாகாது. டென்மார்க் விஞ்ஞானி யோகான்சன் 1903-லேயே பீன்ஸ் விதையில் இதைக் காட்டிவிட்டார். உங்கள் குத்துகள் நோயைத் தாங்கியவை அல்ல, நோயிடமிருந்து தப்பியவை. அவை எங்கே நின்றன?

வடுவூரான்: பெரும்பாலும் வரப்போரம் ஐயா.

ஆடுதுறை பெரியவர்: அங்கே வெயிலும் காற்றும் பட்டு இலைப்பனி சீக்கிரம் உலரும். வேறென்ன? எதிர்ப்பு வேண்டுமென்றால் எதிர்ப்புள்ள ரகத்தோடு ஒட்டுச் சேர்க்க வேண்டும். மாலையில் பூவின் நுனியைக் கத்தரித்து 6 மகரந்தப் பைகளையும் எடுத்து உறை மாட்டி, மறுநாள் காலை மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும். அதன்பின் நோய் கடுமையாக உள்ள இடத்திலேயே நட்டு, ஆறேழு தலைமுறை தேர்ந்தெடுக்க வேண்டும்.

விதைக்காவலன்: இவ்வளவு பாடு எதற்கு? மாப்பிள்ளை சம்பா போடுங்கள்.

குடந்தை: 160 நாளுக்குத் தண்ணீருக்கு எங்கே போவது அண்ணே? மேட்டூர் தாமதமாகத் திறந்தால் என்ன செய்வது? ஆளுயரம் வளர்ந்து மழையில் சாய்ந்துவிடும். நாட்டு ரகம் என்பதாலேயே எல்லா நோயையும் தாங்காது.

விதைக்காவலன்: சாய்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆராய்ச்சி நிலையங்களும் எதிர்ப்பை எங்கிருந்து எடுக்கின்றன? பழைய ரகத்திலிருந்தும் காட்டு நெல்லிலிருந்தும்தான். இலைக்கருகலை எதிர்க்கும் எக்ஸ்ஏ 21 மரபணு ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. பழைய விதையை விட்டுவிட்டால் நாளை எதை வைத்து ஒட்டுச் சேர்ப்பீர்கள்?

நாகை செல்வி: விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என்ன நோய் என்றே இன்னும் தெரியவில்லை. அண்ணா, இலை நுனியிலிருந்து விளிம்போடு அலை அலையாக மஞ்சளாகிக் காய்கிறதா? இல்லை, நடுவில் சாம்பல் நிறத்தோடு கண் வடிவப் புள்ளிகளா? புள்ளி என்றால் குலை நோய். விளிம்பு என்றால் பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் கசிந்தால் பாக்டீரியாதான். அப்படியானால் மேலுரமாக யூரியா வேண்டாம், தண்ணீரை வடித்துவிடுங்கள், அது பக்கத்து வயலில் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டத்துக்கு மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி பாருங்கள். உங்கள் பிபிடியிலேயே எக்ஸ்ஏ 21 உட்பட மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஹைதராபாத்தில் சேர்த்தது, 2008-ல் வந்தது. அது இலைக்கருகலுக்கு மட்டும்தான், குலை நோய்க்கு உதவாது.

வடுவூரான்: விளிம்புதான். பால் வந்தது. மடையைத் திறக்கப் போகிறேன். நன்றி தங்கச்சி.

பேரளத்தான்: யூரியா எத்தனை மூட்டை என்று கடைசிவரை சொல்லவில்லையே?