மெலனி லின்ஸ்கி: எதில் தொடங்கினால் சரிவரும்?

'டூ அண்ட் எ ஹாஃப் மென்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் பால்கனி வழியாக ஏறிவரும் ரோஸாகத்தான் நியூசிலாந்து நடிகையான இவரைப் பலருக்கும் தெரியும். அதில் தொடங்காதீர்கள். ஒரே கிறுக்குத்தனத்தைத் திரும்பத் திரும்ப வைத்து எழுதிய வேடம் அது. இரண்டு சீசன் முடிந்ததும் நிரந்தர நடிகர் பட்டியலிலிருந்து விலகி, அவ்வப்போது மட்டும் தலைகாட்டினார். மிச்ச நாட்கள் படங்களுக்குப் போயின. 2009-இல் மட்டும் 'தி இன்ஃபார்மன்ட்!', 'அப் இன் தி ஏர்', 'அவே வி கோ'. மூன்றும் துணை வேடங்கள்தான். ஆனால் 'அவே வி கோ'வில் அவர் கம்பத்தைப் பிடித்து மெதுவாக ஆடும் காட்சியைத் தவறவிடக் கூடாது. கருச்சிதைவுகளைப் பற்றிக் கணவன் ஓரமாக உட்கார்ந்து பேசுகிறான். இவருக்கு ஒரு வசனமும் இல்லை, துக்கம் முழுக்க உடம்பில் இருக்கிறது.

தொடங்க ஏற்றது 'ஹலோ ஐ மஸ்ட் பி கோயிங்' (2012). விவாகரத்தாகிப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவள், 19 வயதுப் பையனிடம் மனதைக் கொடுக்கிறாள். கொஞ்சம் பிசகினாலும் அசட்டுக் காமெடியாகியிருக்கும். அடுத்து 'ஐ டோன்ட் ஃபீல் அட் ஹோம் இன் திஸ் வேர்ல்ட் எனிமோர்' (2017). சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்கக் கதைப்படப் பிரிவின் பெரும் பரிசு வாங்கிய படம். இவர் நடிக்கும் ரூத்தின் வீட்டில் திருட்டுப் போகிறது, போலீஸ் கண்டுகொள்ளவில்லை. அவள் கோபம் சத்தமாக வருவதில்லை. மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. இவருடைய பாணியே அதுதான்.

இந்த வரிசைக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. 'ஹெவன்லி கிரீச்சர்ஸ்' (1994) பார்க்காமல் மற்றதற்குப் போவதில் அர்த்தமில்லை. 1954-இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் நடந்த உண்மைக் கொலை, பீட்டர் ஜாக்சன் இயக்கம். அதே நாட்டின் நியூ பிளிமத் ஊர்ப் பள்ளி ஒன்றிலிருந்து நேரே வந்த பெண் இவர். கேமரா முன்னால் முதல் படம். கேட் வின்ஸ்லெட் பொங்கி வழியும் இடத்தில் இவர் புருவத்தைச் சுருக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறார். அந்தப் புருவம்தான் 27 வருடம் கழித்து 'யெல்லோஜாக்கெட்ஸ்' தொடரில் இவர் நடிக்கும் ஷானாவிடம் திரும்பி வருகிறது. அந்த வேடத்துக்கு 2022, 2023 இரண்டு வருடமும் முதன்மை நடிகைக்கான எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) பரிந்துரை கிடைத்தது.

எதைப் பார்த்தாலும் டப்பிங்கில் பார்க்க வேண்டாம். பாதி நடிப்பு அந்தக் குரலில்: மென்மையாக எடுத்து, கடைசிச் சொல்லில் மட்டும் கத்தியைச் செருகுவார். டப்பிங்கில் மென்மைதான் மிஞ்சும், கத்தி காணாமல் போகும். சந்தேகம் இருந்தால் 'ஓவர் தி கார்டன் வால்' (2014) போட்டுப் பாருங்கள். அனிமேஷன், 10 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 11 நிமிடம். நீலப் பறவை பீட்ரிஸுக்கு இவர் குரல். முகமே இல்லாமல் எரிச்சல், குற்றவுணர்வு, பாசம் மூன்றும் கேட்கும்.

இவர் நடித்த 'டுகெதர்னஸ்' தொடர் (2015-16) விட்டுப்போய்விட்டது. இரண்டு சீசனோடு நிறுத்திவிட்டார்கள், பாவம்.