தரம் 6க்குப் பள்ளிக்கூடம் பார்க்கும் நாளில் கண்டது, கேட்டது

மணிக்கூட்டுக் கோபுரம்:
தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்த கையோடு யாழ்ப்பாணத்துச் சந்திகளில் பதாகை ஏறிவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர், தரம் 11 சாதாரண தரப் பரீட்சையில் 9ஏ எத்தனை பேர், எல்லாம் படத்தோடு. பிள்ளை வாங்கில் தலை கவிழ்ந்து படுத்தால் யார் வந்து கேட்பார் என்பது எந்தப் பதாகையிலும் இருக்காது. புதிய பெற்றாருக்கான அறிமுக நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எழுதுங்கோ: எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம், எங்கே பிழைக்கும். பாடசாலைப் பெயர் வேண்டாம், சொந்தக் கதையும் வேண்டாம்.

இடாப்பு:
பகுதித் தலைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிள்ளை வராட்டி எங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?" 7.30க்கு மணி அடிக்கிற இடத்தில் எட்டரைக்குள் வீட்டுக்கு அழைப்புப் போகுமென்றால், அங்கே வரவு இடாப்பை ஒருவர் வாசிக்கிறார். பல இடங்களில் வகுப்பாசிரியர் ஒழுங்காகத்தான் பதிவார். பதிந்த இடாப்பு அலுவலக மேசையில் மத்தியானம் வரை கிடக்கும். சைக்கிளில் வெளிக்கிட்ட பிள்ளை வந்து சேரவில்லை என்பது ஒன்றரைக்குப் பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும்.

வீட்டுப் பக்கப் பிழையும் உண்டு. படிவத்தில் வெளிநாட்டில் இருக்கிற அப்பாவின் நம்பர், இல்லாவிட்டால் எப்போதோ மாற்றிய பழைய சிம். பகலில் எடுக்கக்கூடிய இரண்டு உள்ளூர் நம்பர்கள் வேண்டும். இரண்டாவது அம்மம்மாவுடையது என்றாலும் பரவாயில்லை. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் யார் வீட்டுக்குப் போவார் என்றும் கேளுங்கோ. "வகுப்பாசிரியர்" என்று பதில் வந்தால் அதோடு விடாமல், அந்த நேரம் அவருடைய வகுப்பை யார் பார்ப்பார் என்று கேளுங்கோ. பதில் தடக்கினால் அந்தப் பயணம் நடப்பதில்லை.

ஆரம்பப் பிரிவில் நாள் முழுக்க ஒரு ரீச்சரோடு இருந்த பிள்ளைக்கு தரம் 6இல் ஒவ்வொரு பாடவேளைக்கும் ஓர் ஆசிரியர். முதல் இரண்டு கிழமையும் பிள்ளைகள் திணறுவது பாடத்தில் இல்லை, நேரசூசியில். எந்தக் கொப்பி எந்த நாளுக்கு என்று பிடிபடாமல் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு வருவார்கள். கணித நூல் போல இரண்டு பகுதியாக வருபவற்றில் இரண்டும் பையில் இருக்கும். நேரசூசியைப் பையின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டி, முந்தின நாள் இரவே பிள்ளையின் கையால் அடுக்க வையுங்கோ. அம்மா அடுக்கினால் பிள்ளைக்கு அது பழகாது.

இன்னொன்று மலசலகூடம். மண்டபத்தில் பேச்சு நடக்கும்போது எழுந்துபோய்ப் பாருங்கோ: உள்தாழ்ப்பாள் போடுதா, குழாயில் தண்ணி வருதா, பெண் பிள்ளைகளுடையதில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்குதா. இவை சரியில்லாவிட்டால் பிள்ளைகள் ஒதுங்கப் பயந்து காலையிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டார்கள். ஆறாம், ஏழாம் பாடவேளையில் "தலையிடிக்குது சேர்" என்று வரிசையாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கொண்டுபோன தண்ணிப் போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால் பிள்ளையை ஏசாமல் தாழ்ப்பாளைப் பற்றி விசாரியுங்கோ.

சுருதிப்பெட்டி:
அழகியல் பாடத்தைத் தரம் 6இலேயே தெரிவுசெய்ய வேண்டும்: சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும். நான்குக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது கிழமையில் இரண்டு நாள் வேறு பாடசாலையிலிருந்து வருகிறாரா என்று கேளுங்கோ. நடுவில் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் பிள்ளை தரம் 9இல் புதுப் பாடத்தைத் தொட வேண்டிவரும். சாதாரண தரத்துக்கு அது காணாது.

சாய்மனைக் கதிரை:
உளவளத்துணை அறை எல்லா அறிமுக நாளிலும் காட்டப்படும். திரைச்சீலை, பூச்சாடி, சுவரில் ஒரு வாசகம். பார்க்க வேண்டியது அந்த அறை எங்கே இருக்கிறது என்பதை. அதிபர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்றால், வாசலில் நிற்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடமே பார்க்கும். அடுத்த நாள் பட்டப்பெயர் வந்துவிடும். நூலகத்தின் பின்பக்கமோ, வேறு வேலைக்கும் போய்வருகிற ஓர் இடமோ நல்லது. அந்த ஆசிரியருக்கு நேரசூசியில் இதற்கென்று பாடவேளை ஒதுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கோ. முழுப் பாடமும் எடுத்துவிட்டு இடைவேளையில் மட்டும் கதைப்பவர் என்றால், பதினைந்து நிமிடத்தில் பிள்ளை தலைப்பையே தொடாது.

பிள்ளை சொல்வதை யாருக்குச் சொல்வோம் என்பதை முதற் சந்திப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். தனக்கு ஆபத்து, அல்லது வேறு ஒருவரால் ஆபத்து என்றால் பொறுப்பானவருக்குச் சொல்லியே ஆக வேண்டும்; மற்றது வெளியே போகாது. "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொன்னால் அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அதன் வகுப்பே திரும்பி வராது.

பகிடி, மிரட்டல் முறைப்பாட்டில் அதிகம் நடக்கும் பிழை, இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்கே ஒன்றாக நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வது. பாதிக்கப்பட்ட பிள்ளை "ஒண்டும் இல்லை மிஸ்" என்றுதான் சொல்லும். தனித்தனியாகக் கேட்க வேண்டும், அன்றே எழுத வேண்டும், இரு வீட்டுக்கும் அறிவிக்க வேண்டும். இருக்கையையோ பஸ்ஸையோ மாற்றலாம். இரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கேட்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். "முறைப்பாட்டுப் புத்தகம் இருக்கா, கடைசியாக யார் பார்த்தது?" என்று கேட்கலாம். கூச்சப்பட வேண்டியதில்லை.

அடி விஷயம்: கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் உடல் தண்டனையைத் தடுத்திருக்கிறது. "நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ சேர்" என்று மேசையில் வந்து சொல்கிற பெற்றார் இன்னும் உண்டு. அதைப் பிள்ளைக்கு முன்னால் சொல்வதுதான் பெரிய சேதம். பிறகு யாரும் அடித்தாலும் பிள்ளை வீட்டில் சொல்லாது. 1929 சிறுவர் உதவி இலக்கம், 1926 உளநல உதவி இலக்கம். இரண்டும் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும், அதிபர் அறைக்குள் அல்ல.

றப்பர் முத்திரை:
அலுவலகப் பக்கம். பிறப்பத்தாட்சிப் பத்திரம், முந்தைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், விதானையாரிடம் (கிராம அலுவலர்) எடுத்த வதிவிட உறுதி, புலமைப்பரிசில் பெறுபேறு. மூலப்பிரதியோடு இரண்டு போட்டோப்பிரதி. எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கோ. பத்திரத்தில் "சிவகாமசுந்தரி", விடுகையில் "சிவகாமி" என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது நிற்கும், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தோடு சேர்ந்து. கடைசி மாதத்தில் பிரதேச செயலகத்துக்கு ஓடுவதைவிட இப்போது திருத்துவது லேசு.

பற்றுச்சீட்டு:
இலவசக் கல்வி 1945இல் வந்தது. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. வசதிகள் கட்டணமோ அபிவிருத்திச் சங்கச் சந்தாவோ கேட்டால் கொடுங்கோ, பற்றுச்சீட்டோடு. சீட்டில்லாத "அன்பளிப்பு" அனுமதிக்கு நிபந்தனையாக வந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் போக வேண்டும்.

பண்ணைப் பாலம்:
தீவுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸின் பருவச் சீட்டுக்குப் பாடசாலை உறுதிப்படுத்திய படிவம் வேணும். முதல் கிழமையே கேட்டு வாங்குங்கோ. குறிகாட்டுவானில் படகு பிந்தினால் பஸ் நிற்காது. அப்படியான நாளில் பிந்தி வருகிற பிள்ளையை வாசலில் நிற்க வைக்கிறார்களா, உள்ளே விட்டுக் குறித்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கோ. நயினாதீவுப் பிள்ளைக்கும் நல்லூர்ப் பிள்ளைக்கும் ஒரே பிந்தல் சட்டம் சரிவராது.

வெள்ளைக் குடை:
இதை ஒருவரும் கேட்பதில்லை. தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க); இரண்டு தடவை, ஆறு மாத இடைவெளி என்று 2017இல் தொடங்கியது. தரம் 7இல் ஏற்பு, தொண்டைக்கரப்பான் ஊசி. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 7இலும் 10இலும் வரும். குழந்தையில் தந்த சுகாதாரப் பதிவேட்டை எறிந்துவிடாதேங்கோ. சம்மதப் படிவம் பையின் அடியில் கசங்கிக் கிடப்பதால் ஊசி தவறுகிற பிள்ளைகள்தான் அதிகம். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைதான் வரிசையில் தலைசுற்றி விழும். அன்றைக்குப் புட்டோ பாணோ சாப்பிட்டுப் போகட்டும்.

இடாப்பு:
புதுப் பிள்ளைகளுக்குத் துணையாகத் தரம் 9, 10 மாணவரை விடுவார்கள். இரண்டு புதுப் பிள்ளைக்கு ஒருவர் என்றால் நடக்கும். மாணவத் தலைவர்களையே அதற்குப் போட்டால் பிழை விட்டால் பெயர் எழுதுவதும் அவர்கள், ஆறுதல் சொல்வதும் அவர்கள், பிள்ளை குழம்பும். சிற்றுண்டிச்சாலைக்கு ஏவுவதும் அங்கேதான் தொடங்கும்.

கச்சான் சரை:
பெற்றார் புள்ளி கேட்பார்கள். பிள்ளைகள் அறிமுக நாளில் கேட்பது வேறு: "இடைவேளைக்கு எவ்வளவு நேரம்?", "வகுப்பு மாறிப் போனா ஏசுவினமா?", "கிரிக்கெட்டுக்கு ஆறாம் வகுப்பையும் எடுப்பினமா?" எல்லாவற்றிலும் அதிகம், "அவனும் நானும் ஒரே வகுப்பிலயா?" பிரிவு பிரிக்கும்போது புள்ளி வரிசையில் ஏ, பி, சி என்று வெட்டினால் இது அடிபட்டுப் போகும். அனுமதிப் படிவத்தின் பின்பக்கம் ஒரு கோடு விட்டு, "உன்னோடு இருக்க வேண்டிய ஒருவர்" என்று பிள்ளையையே எழுத விடலாம். இரண்டு பெயர் கேட்டால் ஒழுங்குபடுத்த ஏலாது, ஒன்று போதும். எழுத ஒரு பெயரும் இல்லாமல் கோட்டை வெறுமையாக விட்ட பிள்ளைகளின் பட்டியல், முதல் நாளே வகுப்பாசிரியர் கையில் இருக்க வேண்டும்.