கார் உண்மையில் எவ்வளவு தின்றது? உங்கள் கணக்கையும் சொல்லுங்கள்

ஏழு வருடம் ஓட்டிய பெட்ரோல் காரைப் போன மாதம் விற்றேன். அதன் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் கிடக்கும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதிவிடுவேன். பங்க்கில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் எழுதி முடித்துத்தான் வண்டியை எடுப்பேன். வீட்டில் இதற்காக வாங்கிய கிண்டல் கொஞ்சநஞ்சமல்ல.

விற்ற அன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினேன். 82,000 கிலோமீட்டர். சராசரி மைலேஜ் லிட்டருக்கு 14.6. அப்படியானால் சுமார் 5,600 லிட்டர். வண்டி வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொண்டால், ஏழு வருடப் பெட்ரோலுக்குப் போனது 55. சரி, இதுதான் என்னை உறிஞ்சியது என்று நினைத்தபடியே மற்ற வரிகளையும் எழுதினேன். விற்றுக் கையில் வந்தது 38. அதாவது 62 காணாமல் போயிருக்கிறது. கடனுக்குக் கட்டிய வட்டி 28. இரண்டும் சேர்ந்து 90. ஏழு வருடம் பொறுப்பாக நோட்டில் எழுதியது 55; ஒரு நாளும் எழுதாமல் விட்டது 90! இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் இதற்கு மேல் தனி.

வட்டி விஷயத்தில் நான் ஏமாந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி விலையில் 80 பங்கு கடன். வங்கியில் 9 சதவீதம் என்றார்கள். ஷோரூமில் உட்கார்ந்திருந்த கடன் ஆள் கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பி, "ஏழுதான் சார்" என்றார். ஏழு ஒன்பதைவிடக் குறைவுதானே? கையெழுத்துப் போட்டேன். அந்த ஏழு 'ஃபிளாட்' வட்டி. மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், ஐந்து வருடமும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். 80-க்கு வருடம் 5.6, ஐந்து வருடத்துக்கு 28. குறையும் அசலுக்கு வட்டி என்ற வங்கிக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 12.5 சதவீதம். வேண்டாமென்று நான் தள்ளிய 9 சதவீதக் கடனில் மொத்த வட்டியே 20-ஐத் தொட்டிருக்காது. எட்டுப் பங்கு பணத்தை ஒரு கால்குலேட்டர் தட்டலில் விட்டேன். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் மைலேஜ் குறைந்தால் மெக்கானிக்கிடம் ஓடுகிற ஆள் நான்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு புது வண்டி எடுக்க மனம் வரவில்லை. மூன்று வருடம் ஓடிய மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்தேன். மின்சார வண்டிகளின் விலை விழுந்த வேகம் முதல் சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல், அடுத்து வாங்குபவர்களுக்கு லாபம். லித்தியம் பேட்டரியின் விலை 2010-இலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்திருக்கிறது. 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதிய வண்டிகளின் விலையைப் பல நாடுகளில் ஒரே வீச்சில் குறைத்தது. சில மாடல்களுக்கு 20 சதவீதம் வரை. புதியதே அவ்வளவு இறங்கினால் பழையது எங்கே நிற்கும்?

பயம் பேட்டரியைப் பற்றித்தான். விற்றவர் பொறுமைசாலி, ஒரு நாள் முழுக்க வண்டியை என்னிடம் விட்டார். நூறு சதவீதம் சார்ஜ் செய்து, 20 சதவீதம் வரும்வரை ஓட்டினேன். 200 கிலோமீட்டர் ஓடியது. 100 கிலோமீட்டருக்கு 14.5 யூனிட் என்று திரை காட்டியது. ஆக 29 யூனிட் செலவு. பேட்டரியில் 80 சதவீதத்துக்கு 29 என்றால் முழுசுக்கு 36 சொச்சம். புதிதாக இருந்தபோது அது 40. மூன்று வருடத்தில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது, பரவாயில்லை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம்; கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் பொறுப்பு. அது இரண்டாம் கைக்கும் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தேன்.

ஒரு சின்னத் தகவல்: வண்டித் திரை 29 யூனிட் என்று சொன்னாலும், அதைத் திரும்ப ஏற்ற வீட்டு மீட்டரில் 33 ஓடியது. சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவது. மின்செலவைக் கணக்கிடுபவர்கள் மீட்டரை நம்புங்கள், திரையை நம்பாதீர்கள்.

உங்கள் வண்டி எவ்வளவு தின்றது? எழுதுங்கள்.

பதில் 1

உங்களுக்கு வீட்டில் சார்ஜர் இருக்கிறது, அதனால் இனிக்கிறது. நான் இருப்பது அடுக்குமாடியில் நான்காவது தளம். வண்டி நிற்கும் இடத்துக்கு வயர் இழுக்கக் கேட்டு ஒன்றரை வருடமாகக் கடிதம் எழுதுகிறேன். எல்லா சார்ஜும் வெளியேதான். வேக சார்ஜரில் யூனிட் விலை வீட்டு மின்சாரத்தைப் போல இரண்டரை மடங்கு. மிச்சமாகும் என்று மனக்கணக்குப் போட்டதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் படுத்துவிடும். கடைசி 20 ஏறுவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். பின்னால் காத்திருப்பவர் கண்ணாடியைத் தட்டுவார் என்பதால் தூங்கவும் முடியாது. வண்டி அருமை, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் இரவு நிறுத்தும் இடத்தில் பிளக் இல்லாதவர் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள்.

பதில் 2

என்னிடம் இருப்பது 14 வயதுக் கார். இதற்கு மேல் விலை இறங்க இடமே இல்லை, அதுதான் அதன் அழகு. போன வருடம் கிளட்ச் மாற்றினேன், ரேடியேட்டர் மாற்றினேன், ஏசி வாயு நிரப்பினேன். அத்தனையும் சேர்த்தும், புதுக் கார் முதல் வருடத்தில் சும்மா இழக்கும் மதிப்பில் பாதிகூட வரவில்லை. "அண்ணே, வித்துடுங்க" என்று என் மெக்கானிக்கே சொல்கிறார். விற்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. இதில் ஏர்பேக் கிடையாது. மகள் இப்போது ஓட்டப் பழகுகிறாள். எந்த நோட்டில் எந்த வரியில் இதை எழுதுவது என்று தெரியவில்லை.

பதில் 3

மின்சார வண்டியில் ஆயில் மாற்றும் வேலை இல்லை, பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. இதை எல்லோரும் சொல்கிறார்கள். டயர் சீக்கிரம் தேயும் என்பதை யாரும் சொல்வதில்லை. எடை அதிகம், காலை வைத்ததும் பாய்கிற இழுவை வேறு.

என் கதை அதுவல்ல. மழை நாளில் ரோட்டில் கிடந்த கல் அடியில் உரசியது. பேட்டரிப் பெட்டியில் ஒரு நசுங்கல். சர்வீஸில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தட்டிச் சரிசெய்ய முடியாது, முழு பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பீட்டைப் பார்த்து முதலில் அச்சுப் பிழை என்றே நினைத்தேன். இன்சூரன்ஸில் பேட்டரிக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்றார்கள். பாலிசியில் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. வண்டி ஐந்து வாரம் அங்கேயே நின்றது. கடைசியில் வெளிப்பெட்டியை மட்டும் மாற்றித் தர ஒரு பட்டறை கிடைத்தது. கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆனால் கம்பெனி உத்தரவாதம் அத்தோடு போயிற்று.

முதலில் எழுதியவர்

மூன்றாவது நண்பருக்கு: உங்கள் பதிலைப் படித்ததும் என் பாலிசியைத் தேடி எடுத்தேன். பேட்டரிக்குத் தேய்மானம் கழிக்கும் வரி என்னுடையதிலும் இருக்கிறது, பதினோராவது பக்கத்தில். நாளைக்கே பேசுகிறேன். அந்த நசுங்கல் எவ்வளவு பெரியது?

பதில் 3

கட்டைவிரல் நகம் அளவு.