ரெண்டு சிக்னல் சேர்ந்து மூணாவதா ஒண்ணு கேக்குதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சத்துவாச்சாரி ஹாம்:
வணக்கம். வேலூர்ல ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசுற ரேடியோ) வச்சிருக்கற நண்பர்கள் அடிக்கடி சொல்ற புகார், "145 மெகாஹெர்ட்ஸ்ல யாரோ குறுக்க பேசுறாங்க". தேடிப் போனா அந்த அலைவரிசைல யாருமே இருக்க மாட்டாங்க.

பக்கத்துல பலமான ரெண்டு டிரான்ஸ்மிட்டர் ஓடுதுன்னு வைங்க. ஒண்ணு 150.2 மெகாஹெர்ட்ஸ், இன்னொண்ணு 155.4. ரெண்டும் முறையா, சுத்தமாதான் ஓடுது. ஆனா நம்ம ரிசீவரோட முதல் ஆம்ப்ளிஃபயர் அந்த பலத்தைத் தாங்காது. உள்ள போறதும் வெளிய வர்றதும் நேர் விகிதத்துல இல்லாமப் போகும்போது அங்கயே ரெண்டும் கலந்துடும். முதல் எண்ணை ரெட்டிப்பாக்கி ரெண்டாவதைக் கழிச்சுப் பாருங்க, 145.0 வரும். இதுதான் இன்டர்மாடுலேஷன்.

மொட்டைமாடில பெரிய ஆன்டெனா மாட்டினதுல இருந்து என் சின்ன ஹேண்ட்செட்ல ஒரே இரைச்சல். அதே செட் அமிர்தி காட்டுப் பக்கம் கொண்டுபோனா அமைதியா இருக்கும். ஆன்டெனா கேபிள் நடுவுல, சிக்னல் பலத்தை 10 டெசிபல் குறைக்கிற அட்டெனுவேட்டர் போட்டேன். வேண்டாத சத்தம் 30 டெசிபல் கிட்ட விழுந்துச்சு. அப்படி விழுந்தா அது நம்ம ரிசீவருக்குள்ள பிறந்தது. வெறும் 10 மட்டும் விழுந்தா வெளியில பிறந்தது. இந்தச் சோதனையைச் செய்யாம தயவுசெஞ்சு யார் மேலயும் புகார் எழுதாதீங்க. எனக்கு, வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ள விடற பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒண்ணு போட்டதும் சரியாயிடுச்சு.

ஆரணி மைக்செட்:
அண்ணே, எங்களுக்கு இது கூத்துலயே நடந்துச்சி. திரௌபதியம்மன் கோயில் திருவிழா, பாரதக் கூத்து. துரியோதனன், பீமன், கட்டியக்காரன் மூணு பேருக்கும் ஒயர்லெஸ் மைக். செட் வரும்போதே அலைவரிசைய சம இடைவெளில வச்சி வந்துச்சி. கணக்குக்கு 600, 600.5, 601 மெகாஹெர்ட்ஸ்னு வச்சிக்கங்க. சாயங்காலம் தனித்தனியா டெஸ்ட் பண்ணப்ப ஒரு குறையும் இல்ல.

நடுராத்திரி வாக்குவாதம் முத்திப்போயி துரியோதனனும் பீமனும் புஜக்கீர்த்தி இடிக்கிற அளவுக்கு நெருங்கி நிக்கிறாங்க. அந்த நேரம் பாத்து, ஓரமா நிக்கிற கட்டியக்காரன் மைக்ல கரகரன்னு இரைச்சல்! அவங்க ரெண்டு பேரும் விலகினா போயிடுது, நெருங்கினா திரும்ப வருது. முகவீணைக்காரரு வாசிக்கிறத நிறுத்திட்டு என்னையே பாக்குறாரு. ஊர்ப் பெரியவங்க "இன்னாப்பா மைக்செட்டு?"ன்னு சத்தம் போடுறாங்க. பேட்டரி மாத்தியும் கேக்கல. விடியற வரைக்கும் கட்டியக்காரனுக்கு ஒயர் மைக் தொங்கவிட்டுதான் ஓட்டினோம். இதுக்கு இன்னா பண்றதுண்ணே?

சத்துவாச்சாரி ஹாம்:
தம்பி, இடுப்புல கட்டின ரெண்டு டிரான்ஸ்மிட்டரும் கிட்ட வந்ததும், ஒண்ணோட அலை இன்னொண்ணோட ஆன்டெனா வழியா ஏறி அதோட கடைசி ஆம்ப்ளிஃபயர்ல கலந்துடுது. 600.5-ஐ ரெட்டிப்பாக்கினா 1201. அதுல 600 போனா 601, அதாவது கட்டியக்காரனோட இடம். மூணாவது மைக்கை 601.3-க்குத் தள்ளுங்க. 600, 600.5, 601.3 மூணையும் எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் மூணாம் படிக் கலப்பு (ஒண்ணை ரெட்டிப்பாக்கி இன்னொண்ணைக் கழிக்கிறது, இல்ல ரெண்டைக் கூட்டி மூணாவதைக் கழிக்கிறது) எதுவும் இன்னொரு மைக் மேல விழாது. மைக்ல பவர் குறைக்கிற சுவிட்ச் இருந்தா குறைச்சு வைங்க. எட்டு, பத்து மைக்னா கையால கணக்குப் போட்டு மாளாது, கம்ப்யூட்டர்தான் வேணும்.

ராணிப்பேட்டை டவர் டெக்னீஷியன்:
இந்தக் கலப்புக்கு ஆம்ப்ளிஃபயரே தேவையில்லைங்க, துருப்பிடிச்ச இரும்பே போதும். ரெண்டு உலோகத்துக்கு நடுவுல துரு இருந்தா அந்த மூட்டு டயோடு (கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடற பாகம்) மாதிரி ஆயிடும், அங்கயே சிக்னல் கலந்துடும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் பேண்ட்ல டவர் அனுப்புறது 935–960, போன்ல இருந்து வாங்குறது 890–915. 935-ஐ ரெட்டிப்பாக்கி 960 கழிச்சா 910. நேரா வாங்குற பக்கத்துல வந்து விழும். அப்ப போன்ல பேசுறவங்க குரல் டவருக்குக் கேக்காது.

ஒரு மொட்டைமாடி டவர்ல ஆடிக்காத்து அடிக்கும்போதெல்லாம் இரைச்சல் ஏறும், காத்து நின்னா இறங்கும். கனெக்டரையெல்லாம் கழட்டித் துடைச்சு, டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து முறுக்குற ஸ்பேனர்) முறுக்கி, 20 வாட்ல ரெண்டு சிக்னல் விட்டு மீட்டர்ல பாத்தோம். கேபிள்ல குத்தமே இல்ல. கடைசில பாத்தா ஆன்டெனாவுக்கு நேர் எதிர்ல, பக்கத்து மாடில ஒரு பழைய தகர ஷெட். வீட்டுக்காரம்மாகிட்ட பேசி, தகடைப் பிடிக்கிற துருவேறின ஜே போல்ட்டையெல்லாம் மாத்தி, தகடு ஆடாம இறுக்கினதும் இரைச்சல் இறங்கிடுச்சு.

குடியாத்தம் வாத்தியார் (ஓய்வு):
வானமே இப்படிக் கலக்கியது உண்டு. 1933-இல் நெதர்லாந்தில் டெலகன் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதன் பின்னணியில் லக்சம்பர்க் வானொலியின் நிகழ்ச்சியும் கேட்டது. இரண்டும் வேறு வேறு அலைவரிசைகள். லக்சம்பர்க்கின் சக்திவாய்ந்த அலை, அயனி மண்டலம் எனப்படும் வானின் உயர் அடுக்கிலுள்ள எலக்ட்ரான்களைச் சூடாக்கியதால், அவ்வழியே சென்ற மற்ற அலை உறிஞ்சப்படும் அளவும் லக்சம்பர்க் அலையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப மாறியது என்று 1934-இல் பெய்லியும் மார்ட்டினும் விளக்கினார்கள். லக்சம்பர்க் விளைவு என்றே அதற்குப் பெயர். ஜவ்வாது மலைப்பக்கம் இரவில் மீடியம் வேவ் கேட்பவர்கள் யாராவது இப்படி ஒன்றைக் கேட்டதுண்டா? எந்த நிலையம், எத்தனை மணிக்கு என்று குறித்து எழுதுங்கள்.